ரூபி அக்காவுக்குச் சொன்னது நான்தான்

செய்தி வந்த காலை, சுன்னாகம் சந்தையில் ஒரு அம்மாவோடு கத்தரிக்காய்க்காக வாய்த்தர்க்கம் நடந்துகொண்டிருந்தது. காய்க்குள் புழு என்று அவருக்குச் சந்தேகம். நகத்தால் கிள்ளிப் பழுதாக்கிவிட்டுப் போகப்போகிறார் என்று எனக்குச் சந்தேகம். அப்போது போன் அடித்தது. ரூபி அக்காவின் மகள் ஜெனி. நான் எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் அது வேறு ஏதோ அலுவலாக இருந்துவிடும் என்று ஒரு நப்பாசை. திரும்பவும் அடித்தது. "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். கத்தரிக்காயை அந்த அம்மாவின் பைக்குள் சும்மாவே போட்டுவிட்டேன். அதையும் அவர் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

அக்காவை அறிந்த உங்களுக்குத் தெரியும், பதினைந்து வருசம் அவர் என் பக்கத்துக் கடை. அவர் கீரை, நான் மரக்கறி. அவர் யேசுவைக் கும்பிடுகிற வேதக்காரர், நான் சைவம். கடை போட்ட முதல் நாளே தன் போத்தலில் இருந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். இது சும்மா தருகிற தேத்தண்ணி இல்லை, ஆளை மதம் மாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் தந்தபோது, "உதுக்குள்ளை வேதப்புத்தகத்தையும் குழைச்சனீங்களோ?" என்று சந்தைக்கே கேட்கும்படி கேட்டேன். அக்கா கோபிக்கவில்லை. "சந்தேகப்படு தவம். ஆனா ஆற முன்னம் குடிச்சிட்டுச் சந்தேகப்படு" என்பார். இத்தனை வருசத்தில் ஒரு நாள்கூட என்னைத் தன் கோயிலுக்கு வா என்று கூப்பிடவில்லை. அதுதான் இன்னும் பெரிய சந்தேகம்.

போன மாரியில் அவருக்கு வயிற்றுநோ தொடங்கியது. தேறாது என்று டொக்டர் பிள்ளைகளிடம் சொன்னார். பிள்ளைகள் தாயிடம் குடற்புண் என்றார்கள். ஜெனி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "உங்கடை வாயை நினைச்சாத்தான் பயமாக் கிடக்கு அன்ரி, சத்தியம் பண்ணுங்கோ" என்றாள். எந்தச் சாமியில் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. பண்ணினேன்.

பிறகு எல்லாரும் நடித்தோம். செபக்கூட்டத்துப் பெண்கள் தினமும் வந்து, சுகம் கிடைத்தாயிற்று என்றார்கள். கனடாவில் இருந்து மகன், கலியாணமும் இல்லை, நத்தாரும் இல்லை, வந்து நின்றான். குடற்புண்ணுக்கு ஆர் விமானம் ஏறுவார்கள்? ஒருவரையும் சந்தேகப்படத் தெரியாத அக்கா சந்தேகப்படுவதைப் படுத்த படுக்கையில் பழகிக்கொண்டார்.

ஒரு பின்னேரம் ஜெனி மருந்துக்குப் போயிருந்தாள். அக்கா என் கையைப் பிடித்தார்.

"எல்லாரும் எனக்காகச் செபிக்கினம், ஒருத்தரும் என்ரை முகத்தைப் பாக்கினமில்லை. நீ ஒருத்தரையும் நம்பாதவள். அதாலை உன்னட்டைக் கேக்கிறன். நான் சாகப்போறனோ?"

"நீங்கள் செத்தால் சந்தையிலை உங்கடை இடத்திலையும் நான் சாக்கு விரிக்கலாம்" என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்காமல் காத்திருந்தார். ஜெனிக்குச் சத்தியம் பண்ணின கை அவரின் பிடிக்குள் கிடந்தது.

"ஓம் அக்கா" என்றேன்.

ஜெனிக்கும் தெரியுமோ என்று கேட்டார். தெரியும் என்றேன். "பாவம் பிள்ளை, எவ்வளவு நடிச்சிருக்கிறாள்" என்றார். தன்னை நினைத்து அல்ல, மகளை நினைத்துத்தான் அழுதார்.

எனக்குக் கோபம் வந்தது. உங்கள் யேசு சுகமாக்குவார் என்றார்களே, எங்கே என்று கேட்டேன்.

"பயமில்லை எண்டு சொன்னால் நீ நம்பமாட்டாய். பயம் இருக்கு" என்றார். "ஆனா அவரும் செத்தவர்தானே தவம். சாகிறது எப்பிடி எண்டு அவருக்குத் தெரியும். தெரிஞ்ச ஆள் முன்னுக்கு நிக்கிறார் எண்டால் இருட்டுக்குள்ளையும் நடக்கலாம்."

இனித்தான் என்னைத் தன் கோயிலுக்குக் கூப்பிடப்போகிறார் என்று காத்திருந்தேன். "உனக்காகவும் அவரிட்டைச் சொல்லட்டோ?" என்று மட்டும் கேட்டார். சொல்லுங்கோ, ஆனால் என்ரை பேரை மாத்திப்போடாதேங்கோ என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாளைக்கும் வா என்றார். பதினைந்து வருசத்தில் அவர் என்னைக் கூப்பிட்டது அதற்குத்தான்.

அடுத்த நாள் செபக்கூட்டத்தாரிடம், இனிச் சுகத்துக்குக் கேட்க வேண்டாம், நல்லபடி போகக் கேளுங்கோ என்றாராம். வீடு அதிர்ந்தது. ஆர் சொன்னது? டொக்டரோ, போதகரோ, ஊசி போட வந்த தாதியோ? நானும் வெட்கமில்லாமல், எனக்கும் அந்தத் தாதியில்தான் சந்தேகம் என்றேன். அந்தப் பிள்ளை என்னை மன்னிக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் தாயும் மகளும் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். நான் குசினிக்குள் வெங்காயம் உரித்தேன். என் கண்ணீருக்கும் ஒரு காரணம் வேண்டுமே. பல வருசம் கதைக்காமல் இருந்த தங்கச்சியை அக்கா கூப்பிட்டுக் கதைத்தார். அடக்கத்துக்குப் பாடவேண்டிய பாட்டுகளையும் தானே சொல்லிவைத்தார்.

ஜெனி, நான் சத்தியம் தவறிவிட்டேன். நீ கோபப்படலாம். ஆனால் அவர் திரும்பக் கேட்டால் திரும்பவும் சொல்லுவேன்.

நான் இன்றைக்கும் திருநீறு பூசிக்கொண்டுதான் கடை விரிக்கிறேன். என்ரை முறை வரும்போது அக்கா சொன்ன அந்த ஆள் முன்னுக்கு நிற்பாரோ என்று கேட்டால், எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனால் ரூபி அக்கா நிற்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.