நாளைக்கு டப்பா திறக்கிறோம்

என் தங்கை எல்வி, பக்கத்து வீட்டு ஹெல்மரோடு பேச்சை அறுத்துக்கொண்ட பிறகும், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் மட்டும் அவன் வாசல்படி வரை நடந்து போவாள். போய் ஒரே வாக்கியம் சொல்வாள்.

"நாளைக்கு டப்பா திறக்கிறோம். துணி காயப் போட்டிருந்தா எடுத்து வச்சிடுங்க."

"நல்லது" என்பான் அவன்.

அவ்வளவுதான். அடுத்த ஆகஸ்ட் வரை இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள வேலியை வேறு ஒரு சொல்லும் தாண்டாது.

புளித்த மீன் டப்பாவைத் திறக்கிறவர்கள், காற்று போகும் பக்கத்து வீடுகளுக்கு முந்தின நாளே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் கரையில் வழக்கம். வெள்ளைப் படுக்கை விரிப்பில் அந்த வாடை ஏறிவிட்டால் எத்தனை முறை அலசினாலும் போகாது. ஒருவரோடு பகை இருக்கலாம். சொல்லாமல் திறப்பது பகையை விடக் கீழான காரியம். எல்வி அப்படித்தான் நினைத்தாள்.

நான் அவளுடைய அண்ணன் தூரே. பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிட்டு மர ஆலையில் ரம்பத்துக்குப் பல் தீட்டப் போனவன். ஒரு பல் விட்டுப்போனால் பலகையே கெட்டுவிடும் என்பது அங்கே கற்றது. அதனால் எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். தங்கையைப் பற்றி அண்ணன் சொன்னால் பெருமையடிக்கிறான் என்பார்கள். அடிக்கத்தான் போகிறேன்.

விக்சுண்ட் படகுத்துறையின் உப்புக் கொட்டகையில் எல்வி பதினைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். மே மாதம், கரையோரப் பனிக்கட்டி போனதும், முட்டையிட வரும் சிறு மீன்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பெண்கள் நீள மேசையின் இருபுறமும் நின்று சுத்தம் செய்வார்கள். கத்தியை ஒரே இழுப்பில் இழுத்தால் தலையும் குடலும் சேர்ந்து வர வேண்டும். சினை உள்ளேயே நிற்க வேண்டும். சினைதான் இந்த மீனின் உயிர். எல்வி கை வைத்த மீனில் சினை சிதைந்து நான் பார்த்ததில்லை. மற்றப் பெண்கள் பாடிக்கொண்டே வேலை செய்வார்கள். இவள் வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் மீன் உப்பில் புளிக்கும் பீப்பாயின் மூடியைத் தூக்கி ஒரு முறை முகர்ந்துவிட்டு, "இதுக்கு உப்பு பத்தலை" என்றால் மேஸ்திரி மறுபேச்சுப் பேசாமல் உப்பைக் கொண்டுவருவார்.

குளிர்காலத்தில் கொட்டகையில் வேலை கிடையாது. அப்போது வலை பின்னுவாள். சமையலறை ஜன்னலோரம் நூல் உருண்டையோடு உட்கார்ந்தால், வெளியே பனி விழுவதும் இவள் முடிச்சு விழுவதும் ஒரே வேகத்தில் இருக்கும்.

அவள் கல்யாணம் செய்துகொண்ட அல்கோட் மீனவன். பக்கத்து வீட்டு ஹெல்மரின் படகில் பங்காளி. படகு ஹெல்மருடையது, எனவே கடலில் சொல் அவனுடையது. கரையில் இரண்டு வீடும் ஒரே வீடு போலத்தான். ஆகஸ்டில் டப்பா திறக்கும் மாலை, வேலிப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு வீட்டு மேசைகளையும் ஒன்றாகப் போடுவார்கள். எல்வி ஹெல்மரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். அவன் மனைவி சிக்னே உருளைக்கிழங்கை வேகவைப்பாள். டப்பாவைத் திறப்பது அல்கோட்டின் வேலை. உள்ளே புளித்த காற்றால் இருபுறமும் உப்பிக்கொண்டு நிற்கும் டப்பாவை ஒரு பக்கமாகச் சாய்த்து, மேலே துணியைப் போர்த்தி, திறப்பானின் முனையை இறக்குவதற்கு முன்னால் அதனிடம் பணிவாகச் சொல்வான்: "பெரியவரே, மெதுவா வெளிய வாங்க. பொம்பளைங்க இருக்காங்க."

ஒவ்வோர் ஆண்டும் இதே பேச்சு. ஒவ்வோர் ஆண்டும் எல்வி சிரிப்பாள்.

ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எல்வி ஒரு புது வலை பின்னினாள். அவள் பின்னியதிலேயே நல்ல வலை அது. நான் முடிச்சுகளை இழுத்துப் பார்த்திருக்கிறேன். வசந்தத்தில் அதை அல்கோட்டிடம் கொடுத்தாள். அந்த மே மாதமே அவன் செத்தான்.

எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். விடியற்காலையில் அல்கோட்டும் ஹெல்மரும் அந்த வலையைத் தூக்கப் போனார்கள். வலை நிறைய மீன். திடீரென்று வடக்கிலிருந்து காற்று எழுந்தது. வலையின் கனத்தில் படகின் பின்பக்கம் தாழ்ந்து, அலை உள்ளே ஏறிப் படகு கவிழ்ந்தது. ஹெல்மரைக் கவிழ்ந்த படகின் மேலிருந்து எடுத்தார்கள். அல்கோட்டைப் பிறகு கரைக்கு எதிரே உள்ள தீவின் தென்புறப் பாறைகளில் எடுத்தார்கள். படகைக் கரைக்கு இழுத்தபோது வலை, கயிறு அறுபடாமல், அதோடு கட்டியபடியே வந்தது.

அந்தக் கயிறுதான் ஊரின் வாயைத் திறந்தது. கத்தியை ஒரு முறை போட்டிருந்தால் படகு நிமிர்ந்திருக்கும். படகுக்காரன் ஏன் அறுக்கவில்லை? மீன் மேல் ஆசை என்றார்கள். கஞ்சன் என்றார்கள். ஹெல்மர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பி குடிக்க எல்வியின் வீட்டுக்கு வந்தபோது, அவள் வாசலில் நின்று அவனைத் தடுத்தாள்.

"வலையை ஏன் அறுக்கலை?"

ஹெல்மர் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றான்.

"அப்ப உள்ள வர வேண்டாம்" என்றாள் எல்வி.

வேலிப் பலகையை அவளே ஆணி அடித்து நிறுத்தினாள். அவன் படகை விற்றுவிட்டுத் துறைமுகத்தில் மரம் ஏற்றப் போனான். விறகு வெட்ட ஆள் வேண்டுமென்று நான் எல்வியின் வீட்டுக்குக் குடிவந்தேன். அன்று முதல் அவள் வலை ஊசியைத் தொடவில்லை.

வருஷங்கள் போயின. அவள் ஆண்டுக்கு ஒரு முறை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நான் கவனித்த இன்னொன்று உண்டு: ஹெல்மர் ஒரு முறைகூட எங்கள் வாசலுக்கு வந்து அதைச் சொன்னதில்லை. சொல்லாமல் திறந்ததும் இல்லை. திறந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். உயிரையே வைத்திருந்த மீனை அந்த மனிதன் விட்டுவிட்டான். டப்பா திறக்க வேண்டுமென்றால் எல்வியின் வாசலில் நிற்க வேண்டுமே.

பிறகு ஒரு குளிர்காலத்தில் சிக்னே இறந்தாள். வசந்தத்துக்குள் ஹெல்மரின் கைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன. கோப்பையைத் தூக்கினால் காப்பியில் பாதி தட்டில் இருக்கும். ஸ்டாக்ஹோமில் இருக்கும் மகள் இலையுதிர்காலத்தில் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. செய்தியைக் கொண்டுவந்தவள் மேட்டு வீட்டு குன்போர்க்.

"அங்க அடுக்குமாடி வீடாம். டப்பா திறந்தான்னா அப்பனையும் மகளையும் சாமானோட தெருவுல வச்சிருவாங்க" என்றாள்.

"நீ மட்டும் என்ன? போன தடவை நாங்க திறந்ததுக்கு உன் கோழி முட்டை போடலைன்னு சண்டைக்கு வந்தியே" என்றேன்.

"நிஜமாத்தான் போடலை! சேவல்கூட ரெண்டு நாள் கூவலை தூரே. அதுக்கும் மானம்னு ஒண்ணு இருக்கில்ல?"

நான் சிரித்தேன். எல்வி சிரிக்கவில்லை. குன்போர்க் போனதும், துவைத்த விரிப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்ச ஆளு உலகத்துலயே அவரு ஒருத்தர்தான், அண்ணே. அவரு போயிட்டா அதுவும் போயிடும்."

"போய்க் கேளு."

"ஒரு தடவை கேட்டேன். சொல்லலை."

விரிப்பை மடித்துக் கூடையில் வைத்தாள். அந்தக் கோடை முழுவதும் அவள் வேலிப் பக்கம் பார்ப்பதை நான் பார்த்தேன். பார்ப்பாள், பிறகு வேறு வேலையைத் தேடிக்கொள்வாள்.

அந்த ஆகஸ்டின் மூன்றாம் வியாழன் வந்தது. கடையில் புது டப்பாக்கள் வைக்கும் நாள். சனிக்கிழமைக்கு நாங்களும் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். அன்று மாலை நான் வாசலில் கோடரிக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தேன். வேலியைச் சுற்றிக்கொண்டு ஹெல்மர் வந்தான். தேவாலயத்துக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான். படிக்குக் கீழேயே நின்றுகொண்டு தொப்பியைக் கழற்றினான். தொப்பி கையில் ஆடியது.

"தூரே, தங்கச்சி இருக்கா?"

எல்வி கதவில் வந்து நின்றாள். கையில் வெங்காயம்.

ஹெல்மர் அவளைப் பார்க்காமல் படியைப் பார்த்துச் சொன்னான். "நாளைக்கு டப்பா திறக்கறேன். துணி... துணி காயப் போட்டிருந்தா எடுத்து வச்சிடுங்க."

எல்வி வெங்காயத்தை மறு கைக்கு மாற்றினாள். பிறகு, "நல்லது" என்றாள்.

அவன் தலையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். வேலியைச் சுற்றிப் போய் அவன் தன் வீட்டுக் கதவைச் சாத்தும் வரை அவள் அங்கேயே நின்றாள்.

"தனி ஆளு. கை இப்படி ஆடுது. எப்படித் திறப்பாரு?" என்றாள்.

"அது அவன் பாடு."

"ஒத்தையில திறக்கிற டப்பா ஒரு டப்பாவா?"

மறுநாள் காலையில் அவள் துணி துவைத்தாள். வெள்ளை விரிப்புகள், தலையணை உறைகள், என் சட்டைகள் எல்லாவற்றையும் கொடியில் போட்டாள். மாலையில் உருளைக்கிழங்கு வேகவைத்துத் துணியில் சுற்றினாள். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கினாள். மெல்லிய ரொட்டி, வெண்ணெய், ஒரு குடுவைக் குளிர்ந்த பால், எல்லாம் கூடையில் ஏறின. நான் காற்றைப் பார்த்தேன். அவன் வீட்டுப் பக்கமிருந்து நேராக எங்கள் பக்கம் அடித்தது.

"எல்வி, துணி கொடியிலயே இருக்கு."

"இருக்கட்டும். நாமளே அங்க உக்காரப் போறோம். நம்ம மேல ஏறாததா துணி மேல ஏறப்போகுது? சுத்தியலை எடுத்துட்டு வாங்க."

வேலிப் பலகையின் ஆணிகளை நான் பிடுங்கினேன். துருப்பிடித்திருந்ததால் நேரம் ஆனது. எல்வி அவசரப்படுத்தவில்லை.

ஹெல்மர் தோட்டத்து மேசையில் ஒரே ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டப்பாவின் மேல் திறப்பான் வைத்த இடமெல்லாம் கீறல். ஓட்டை விழவில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்தான். அவள் கூடையை இறக்கினாள். டப்பாவை எடுத்துச் சாய்த்தாள், துணியைப் போர்த்தினாள், திறப்பானை வைத்தாள். அந்த இடத்தில் ஒரு பேச்சு வர வேண்டும். மூவருக்கும் அது தெரியும். சொல்ல வேண்டியவன் இல்லை.

ஹெல்மர்தான் மெல்லச் சொன்னான். "பெரியவரே, மெதுவா வெளிய வாங்க."

எல்வியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு முனையை இறக்கினாள். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது, துணி நனைந்தது, வாடை எங்களைத் தாண்டி, எங்கள் கொடியைத் தாண்டி, குன்போர்க்கின் கோழிகளைப் பார்க்கப் போனது.

அவள் ஹெல்மரின் தட்டில் மீனை வைத்து முள்ளை எடுத்துக் கொடுத்தாள். ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். உருளைக்கிழங்கை நசுக்கிப் பரப்பி, வெங்காயம் தூவி, மீனை வைத்து, சுருட்டி அவன் கையில் கொடுத்தாள். அவன் இரண்டு கைகளாலும் பிடித்துக் கடித்தான். மென்றுகொண்டே அழுதான். அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை பொறுத்திருந்துவிட்டு அவள் கேட்டாள்.

"வலையை ஏன் அறுக்கலை?"

"வேணாம் எல்வி."

"நான் அதுக்குத்தான் வந்தேன்."

ஹெல்மர் என்னைப் பார்த்தான். அதில் என்னால் உதவ முடியாது. அவன் ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"நான் கத்தியை எடுத்துட்டேன். அல்கோட் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். 'அறுக்காத'ன்னான். 'இழுத்துரலாம்'னான். படகு என்னுது, முடிவு என்னுது. அவன் கையைத் தட்டி விட்டிருக்கணும். தட்டலை."

"ஏன் வேணாம்னாரு?"

அவன் திறப்பானை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தான்.

"ஹெல்மர் அண்ணே. ஏன் வேணாம்னாரு?"

"'இது எல்வியோட ஒரு குளிர்காலம் முழுக்க'ன்னான்" என்றான் ஹெல்மர். "'இதை அறுத்துட்டு எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன்'னு சிரிச்சான். அப்பதான் அலை வந்துச்சு."

கொடியில் விரிப்புகள் படபடத்தன. இத்தனை வருஷம் ஊர் அவனைக் கஞ்சன் என்றது. என் தங்கை அவனை வாசலில் நிறுத்தினாள். அவன் இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு மரம் ஏற்றினான். நான் எல்வியைப் பார்க்கப் பயந்து வெங்காயக் கிண்ணத்தைப் பார்த்தேன்.

அவள் தன் கைகளை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள். ஹெல்மரிடம் அல்ல, என்னிடமும் அல்ல.

"கேட்டிருந்தா இன்னொண்ணு பின்னிக் குடுத்திருப்பேனே."

"அவனுக்கும் அது தெரியும், தங்கச்சி" என்றான் ஹெல்மர்.

"சிரிச்சாரா?"

"சிரிச்சான்."

அவள் தலையை ஆட்டினாள். பாலை ஊற்றிக் குடித்தாள். டப்பாவுக்குள் முள்கரண்டியை விட்டு ஒவ்வொரு மீனாகப் புரட்டி, வயிறு உப்பிய ஒன்றைத் தேடி எடுத்தாள். அதைப் பிளந்து பார்த்தாள். சினை முழுசாக இருந்தது. அதை அவன் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடுங்க அண்ணே. அங்க கிடைக்காது."

இருட்டும் வரை அங்கே இருந்தோம். மகள் வந்து அவனைக் கூட்டிப்போகும் வரை அந்தப் பலகையை யாரும் திரும்ப அடிக்கவில்லை. வாடையேறிய அந்த விரிப்புகளை எல்வி மறுபடி துவைக்கவில்லை. அப்படியே மடித்து அலமாரியில் வைத்தாள். குளிர்காலத்தில் அவற்றைத்தான் விரித்துப் படுத்தாள்.