பதினோராம் மாடியிலிருந்து விழுந்த கணக்குப் புத்தகம்

என் மகளுக்கு எட்டு வயது நடக்கும்போது மருத்துவமனையில் அந்த நான்கு எழுத்தைச் சொன்னார்கள். ஏ.டி.எச்.டி. கவனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பும் நிற்காது, அது பிள்ளையின் குற்றமில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மருந்து இருக்கிறது, வீட்டில் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம் என்றார். நான் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

"மாத்திரையெல்லாம் வேணாம்லா. வீட்டுலயே பாத்துக்கலாம்," என்று கார் நிறுத்துமிடத்திலேயே மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி. இதைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவள். காரில் ஏறி பெல்ட்டை மாட்டிய பிறகுதான் பதில் சொன்னாள். "சரி. நீங்கதான் வீட்டுல இருக்கீங்க. நீங்களே பாருங்க."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் வீட்டில் இருப்பவன் என்பது உண்மை. வாகனக் காப்புறுதி முகவர். மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் பதினோராவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டின் சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை வைத்துக் காப்புறுதியும் சாலை வரியும் புதுப்பித்துக் கொடுப்பேன். மதியம் இரண்டு மணிக்கு மகள் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்துவிடுவாள். அதே மேசையில் எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். உட்கார்ந்தால்தானே.

முதலில் சீனியை நிறுத்தினேன். மைலோ, பிஸ்கட், பாசார் சந்தையில் வாங்கும் கூவே பலகாரம் எல்லாம் போயிற்று. "இனிப்பு சாப்பிடறதால வர்றதில்ல இது. பல்லுக்கு நல்லதுன்னு வேணா நிறுத்துங்க," என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. நான்காம் நாள் மகள் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு அக்கா, "பாவம், கேட்டுச்சு, குடுத்தேன்," என்றார். எட்டு வயதுப் பிள்ளைக்கு மைலோ கொடுத்தவரிடம் நான் என்ன சண்டை போடுவது?

நிபோங் திபாலில் இருக்கும் என் அக்கா கட்டுக்கட்டாக வல்லாரைக் கீரை அனுப்பினார். "மூளைக்கு நல்லதுடா தம்பி, அரைச்சுக் குடு." அரைத்துக் கொடுத்தேன். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை எதிர்ப்பக்கம் வைத்திருந்த என் கணினியின் விசைப்பலகையில் கொட்டினாள். வேண்டுமென்று செய்யவில்லை. கையை வீசிப் பேசுவாள், கை பட்டுவிட்டது. அன்று முழுக்க எனக்கு வேலை நின்றது.

பிறகு அட்டவணை. பெரிய அட்டையில் நேரம் எழுதி, வண்ணம் தீட்டி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். ஒரு வாரம் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுவதில் ஆசையாக இருந்தாள். அடுத்த வாரம் அந்த அட்டை எங்கள் கண்ணுக்கே தெரியாமல் சுவரோடு சுவராகிவிட்டது. கைப்பேசியைப் பிடுங்கி வைத்தேன். "நீங்க மட்டும் நாள் முழுக்கப் பாக்கலாமா பா?" என்று கேட்டாள். அது என் வேலை என்றேன். எனக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை, ஏனென்றால் அவள் கேட்ட நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது பந்தாட்டச் செய்தி.

ஒருநாள் பத்துப் பெருக்கல் கணக்கு. மூன்று மணிக்கு ஆரம்பித்தாள். பென்சிலைச் சீவப் போனாள். தண்ணீர் குடிக்கப் போனாள். வாசலுக்கு வெளியே இருக்கும் நடைபாதைக்கு ஓடி, கீழே யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தாள். என் கைப்பேசி வேறு அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்கு எட்டிப் பார்த்தேன். இரண்டு கணக்கு முடிந்திருந்தது. மூன்றாவதன் மேல் ஒரு பூனை வரைந்திருந்தாள்.

புத்தகத்தை அவள் கையிலிருந்து பறித்து வாசல் பக்கம் வீசினேன். காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருப்போம். புத்தகம் நடைபாதையைத் தாண்டியது. கைச்சுவரையும் தாண்டியது.

எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கிக்குப் பக்கத்திலேயே, மேலிருந்து பொருள்களை எறியாதீர்கள் என்று நான்கு மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி எறிகிறவர்கள் மிருகங்கள் என்று நானே பலமுறை பேசியிருக்கிறேன். இருவரும் ஓடினோம். ஒரு மின்தூக்கி பழுது, இன்னொன்று வருவதாக இல்லை. படியிறங்கினோம். யார் தலையிலாவது விழுந்திருக்குமோ என்று ஒவ்வொரு மாடியிலும் கீழே எட்டிப் பார்த்தேன்.

யார் தலையிலும் விழவில்லை. கீழே கடை போட்டிருக்கும் பழக்கடைக்காரரின் பெரிய குடையில் விழுந்து சரிந்து தரையில் கிடந்தது. அந்தச் சீனப் பெரியவர் புத்தகத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "சியாப்பா பூவாங்?" என்று மலாயில் கேட்டார். யார் எறிந்தது?

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள், "சாயா, அங்கிள்," என்றாள். நான்தான்.

அவர் அவளைத் திட்டினார். உரக்கத்தான் திட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். நான்தான் எறிந்தேன் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. அவர் நிறுத்தியதும் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மின்தூக்கி வாசலில் பெரிய வரிசை. காத்திருக்க அவளால் முடியாது, படியேறத் தொடங்கிவிட்டாள். பின்னால் போனேன். நான்காவது மாடியில் மூச்சு முட்டி உட்கார்ந்தேன்.

"ஏன்மா நான்தான் போட்டேன்னு சொன்ன?"

"எப்பவும் நான்தானே பா," என்றாள்.

ஒற்றைக் காலால் ஒரு படி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். வருத்தமாகச் சொல்லவில்லை. எந்த வகுப்பு என்று கேட்டால் மூன்றாம் ஆண்டு என்பாளே, அந்த மாதிரி சொன்னாள்.

"இன்னிக்கு நீ இல்லமா. அப்பாதான் போட்டேன். நாளைக்கு அந்த அங்கிள்கிட்ட சொல்லிடறேன்."

"திட்டுவாரு பா."

"திட்டட்டும்."

அவள் மேலே ஓடினாள். கையில் இருந்த புத்தகத்தைப் பிரித்து, "ஏழு எட்டு எவ்ளோ?" என்று கத்தினேன். மேல் மாடியிலிருந்து உடனே பதில் வந்தது, ஐம்பத்தாறு. அடுத்ததையும் கேட்டேன். பத்தாவது மாடிக்குப் போவதற்குள் மீதி எட்டுக் கணக்கையும் வாயாலேயே சொல்லிவிட்டாள், ஒன்று மட்டும் தப்பு. வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்துவிட்டு, கால் மணி நேரம் அசையாமல் இருந்து எல்லாவற்றையும் எழுதினாள். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரமாக அவளை நாற்காலியில் கட்டிப்போடப் பார்த்த மடையன் யார் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் பழக்கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். அவளைத் திட்டியதைவிட நீளமாக என்னைத் திட்டினார். நியாயம்தான்.

அதிலிருந்து தினமும் நான்கு மணிக்குப் படி. இறங்கி, ஏறி, பிறகு பத்து நிமிடம் எழுத்து, கொஞ்சம் ஓட்டம், மறுபடி பத்து நிமிடம். மேசையில் ஒரு புத்தகம் மட்டும். என் கைப்பேசி அந்த ஒரு மணி நேரமும் அலமாரிக்குள் கிடக்கும். ஒன்பது மணிக்குள் படுக்கை. இது ஏதோ வெற்றிக் கதை போலத் தெரியும், அப்படி இல்லை. திங்கட்கிழமை நடந்தது செவ்வாய்க்கிழமை நடக்காது. படியேறிவிட்டு வந்து மேசைக்கு அடியில் படுத்துக்கொண்ட நாள்கள் உண்டு. நான் மறுபடி கத்திய நாள்களும் உண்டு. ஒரு முறை நன்றாகப் போனால் அடுத்த நாளும் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிற என் புத்தியை என்னால் மாற்ற முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து வகுப்பாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "வீட்டுப்பாடம் ஒழுங்கா வருது சார். ஆனா வகுப்புல அப்படியேதான் இருக்கு. பாதிப் பாடம் அவளுக்குப் போய்ச் சேரலை." நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையில் அவர் எந்தப் படியில் அவளை ஏற்றுவார்?

வீட்டுக்கு வரும் வழியில் காரில் மகள் அழுதாள். "கேக்கணும்னுதான் நெனைக்கிறேன் பா. கேட்டுக்கிட்டே இருக்கறப்ப வேற எங்கயோ போயிடுது. திரும்பி வந்தா டீச்சர் வேற பக்கம் போயிட்டாங்க."

அன்று மாலை வேலை முடிந்து வந்த மனைவியிடம், "டாக்டர்கிட்ட இன்னொரு தடவை போவோமா?" என்று கேட்டேன். அவள் 'அப்பவே சொன்னேன்' என்று சொல்வாள் என எதிர்பார்த்து, பதிலைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் காலணியைக் கழற்றியபடி, "புதன்கிழமை எனக்கு லீவு," என்றாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், புத்தகம் எறிந்ததையும் சேர்த்து. படியையும் தூக்கத்தையும் சின்னச் சின்ன வேலையாகப் பிரிப்பதையும் விடாதீர்கள், நல்ல காரியம் என்றார். அதோடு குறைந்த அளவில் மருந்தும் தொடங்கலாம் என்றார். அப்படியானால் நான் செய்தது சரியா தப்பா என்று கேட்டேன். அவர் சிரித்தார். மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

மருந்து தொடங்கி இப்போது ஓர் ஆண்டு ஆகிறது. வகுப்பில் பாடம் காதில் விழுகிறது என்கிறாள். மதியச் சாப்பாடு இறங்கவில்லை என்று அளவை ஒருமுறை மாற்றினார்கள். மாலையில் மருந்தின் வேகம் குறைந்துவிடும், அப்போது எங்களுக்குப் படிதான். நேற்று பள்ளிப்பையைப் பேருந்திலேயே விட்டுவிட்டு வந்தாள். இந்த மாதத்தில் இரண்டாவது தடவை. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. பத்து வரை எண்ணினேன், அடங்கவில்லை. பேருந்து ஓட்டுநருக்கு அழைத்து, பையைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, "வா, கீழ போயி வாங்கிட்டு வரலாம்," என்றேன். அவள் எனக்கு முன்னால் மூன்று மாடி இறங்கியிருந்தாள்.