நான் பூட்டிய எழுத்து

3. பரளச்சி வீடு

“சார், இத எடுத்துட்டுப் போயிருங்க. அப்பா கண்ண மூடிக் கெடக்கையில அது பேசுது. பொம்பளையாளுக பயப்புடுதாக.”

பரளச்சியிலிருந்து செல்வம் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவருடைய அப்பா கருப்பையா மாட்டுத் தரகர். பக்கவாதத்தில் பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. பேச்சிழந்தவர்களுக்குக் கருவி பொருத்திப் பழக்குவது என் வேலை; அவர் இடது கையில் ஐந்து பட்டன் கருவியை நான்தான் கட்டிவிட்டிருந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும், விரலுக்கு ஒரு பட்டன். இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் ஓர் எழுத்து. பக்கத்திலிருக்கும் செல்போன் அதை வாசிக்கும். பதினைந்து நாள் பயிற்சியில் அவரிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. நினைவு தப்பிவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள்.

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறிப் போனேன். உச்சி வெயில். கட்டிலில் கண்மூடிக் கிடந்தார், கை துண்டுக்கு அடியில் இருந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தும் சத்தமே இல்லை. செல்வம் வாசலில் நின்று போனில் யாரிடமோ, “அப்பாவோட சோடி மாட்டையும் வந்து ஏத்திக்கங்க. கேரளா அடிமாட்டு லோடுதான?” என்றார்.

“ங” என்றது செல்போன்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி, “ங. ங.” உணர்ச்சியே இல்லாத ஒரு பெண் குரல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் தொழில்காரன் பயத்தைக் காட்டலாமா?

“நரம்புத் துடிப்புதான். பெருவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து இழுக்குது” என்று சொல்லி, அந்தச் சேர்க்கையை மட்டும் ஆப்பில் பூட்டினேன். வீடு அமைதியானது. கருப்பையா கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு தலைக்கனம்.

பத்து நாள் கழித்து, கருவியைத் திரும்ப எடுத்துவரப் போனேன். தொழுவம் காலியாக இருந்தது. கருப்பையாவின் கூட்டாளித் தரகர் ராமு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். வழக்கப்படி பதிவைத் திறந்து பார்த்தேன். எழுத்தைப் பூட்டினாலும் விரல் அழுத்தியதைக் கருவி குறித்து வைக்கும். நான் பூட்டிய நிமிடத்திலிருந்து அதே இரண்டு விரல், பக்கம் பக்கமாக. மாடுகளை லாரியில் ஏற்றிய காலையில் இடைவெளியே இல்லை. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அதைச் செல்வத்திடம் சொன்னேன்.

“எந்த வெரலு?” என்றார் ராமு.

அவர் கையைப் பிடித்து அதேபோல் அழுத்திக் காட்டினேன். சட்டென்று கையை உருவிக்கொண்டார்.

“சந்தையில துண்டப் போட்டு, அதுக்குள்ள வெரலப் புடிச்சுத்தான வெல பேசுவோம். எங்களுக்குள்ள இதுக்கு ‘வேணாம், குடுக்க மாட்டேன்’னு அர்த்தம். அவுக நெனவு எங்கயும் போகல சார்.”

செல்வம் கட்டிலருகே வந்து குனிந்தார். நான் அவசரமாகப் பூட்டை எடுத்தேன்.

“அப்பா, ஏதாச்சும் சொல்லுங்கப்பா.”

செல்போன் பேசவில்லை. ராமு துண்டுக்குள் கையை விட்டு கருப்பையாவின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

“வெரல விட்டுட்டாக. பேச்சு முடிஞ்சா அப்படித்தான் விடுவோம்.”

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: புரியாததைக் கோளாறு என்று பூட்டாதீர்கள். இதற்குமுன் அந்தக் கை என்ன வேலை பார்த்தது என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அன்று கண்ணைத் திறந்து அவர் பார்த்தது நன்றிக்காக அல்ல.