செம்பவாங் தம்பதியும் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சேலையும்

ஞாயிறு காலை 9.40. லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினேன். அடுத்த நிறுத்தமான டோபி காட் நிலையத்தில் இறங்கி, சிவப்புத் தடத்துக்கு மாறி, செம்பவாங் போய்ச் சேர ஏறக்குறைய ஐம்பது நிமிடம். கட்டணம் இரண்டு வெள்ளிக்குச் சற்றுக் கூடுதல். டாலரை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.

அலுவலகப் பயிற்சிக்காகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்திருந்தேன். வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சிங்கச் சிலையின் முன்னால் படமும் எடுத்துக்கொண்டாயிற்று. ஆனால் நான் இந்தப் பயணத்துக்குத் தலையாட்டியதே இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். என் கணவர் இயற்பியல் ஆசிரியர். அவருக்குச் சேலை கட்டிக்கொள்ளப் பிடிக்கும் என்பது, கல்யாணமான பதினோராவது வருடம், நான் அரைநாள் விடுப்பில் வீடு திரும்பியபோதுதான் தெரிந்தது. நான்கு மாதமாக எங்களுக்குள் சரியான பேச்சில்லை. சேர்ந்திருப்பதா பிரிவதா என்று சிங்கப்பூர் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவர் படித்துவிட்டார். பள்ளியின் பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

இப்படிச் சேலை கட்டும் ஆண்களின் மனைவிமார் பேசிக்கொள்ளும் இணையக் குழு ஒன்றில் அறிமுகமானவர் மீனா. அவர் கணவர் செல்வம் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. "வந்து பாருங்க லா, பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று சிங்கப்பூர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வோடு மீனாதான் அழைத்தார்.

10.45. ஏழாவது மாடியில் கதவைத் திறந்தவர் செல்வம். ஐம்பதைத் தாண்டிய வயது, நல்ல உயரம், காதோரம் நரை, வாடாமல்லி நிறத்தில் பருத்திச் சேலை. சினிமாவில் பார்த்துப் பழகிய நெளிப்பும் குழைவும் இப்போது வரும் என்று காத்திருந்தேன். அவரோ கட்டைக் குரலில், "செருப்ப உள்ள வைங்க, மழை வரும்போல" என்றார். சேலை கட்டினால் வேறு பெயர் உண்டா என்று கேட்டேன். "எதுக்கு? செல்வம்தான்."

அவர் காப்பி போடப் போனதும் மீனாவிடம் குரலைத் தாழ்த்தினேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடங்கிவிட்டார்: "ஆம்பளைங்களப் பிடிக்குமான்னுதானே? நானும் கேட்டேன். என்னைத்தான் பிடிக்குமாம். வேற வழியில்ல, மாட்டிக்கிட்டேன்."

"பொண்ணா மாறணும்னு..." என்று இழுத்தேன்.

"அது திருநங்கைங்க, அவங்க வேற" என்றார் செல்வம், சமையலறையிலிருந்து. "அவங்களுக்கு அது வாழ்க்கை. எனக்கு ஞாயித்துக்கிழமை."

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு" என்றார் மீனா. எனக்குச் சுருக்கென்றது.

12.15. மூவரும் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தைக்குக் கிளம்பினோம். நிலையம் வரை நான் மூன்றடி பின்னால்தான் நடந்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அப்படித்தான் நடந்தேன். ரயிலில் இரண்டு இளைஞர்கள் சிரித்தார்கள். மீனா ஒரு முறை முறைத்தார், நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அவரவர் கைபேசிதான் உலகம்.

1.20. தேக்கா உணவங்காடியில் மூன்று தேநீர், நான்கு வெள்ளி எண்பது காசு. முதல் வாய் குடிப்பதற்குள் ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். முப்பது வயதிருக்கும், கட்டுமான வேலை, அறந்தாங்கிப் பக்கம். இரண்டு வெள்ளி நோட்டைச் செல்வத்தின் முன் வைத்துத் தலையைக் குனிந்தார். "ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா. அடுத்த வாரம் ஊருக்குப் பொண்ணு பாக்கப் போறேன்."

செல்வம் நோட்டை அவர் கையிலேயே திணித்தார். "தம்பி, நான் ஆசீர்வாதம் பண்ற ஆள் இல்ல. சேஃப்டி ஆபீசர். சேலை பிடிக்கும், கட்டுறேன், அவ்வளவுதான். இவங்க என் சம்சாரம்."

அந்த மனிதர் பதறிப்போனார். "சாரிம்மா... சார்... எப்படிக் கூப்பிடணும்?"

"சார்னே கூப்பிடு. உயரத்துல வேலை பாக்கும்போது பெல்ட் மாட்டு."

குனிந்த தலையை வெறுமனே அனுப்ப மீனாவுக்கு மனம் வரவில்லை. "நல்லாயிருங்க தம்பி. பொண்ணுகிட்ட எதையும் மறைக்காதீங்க, முதல் நாளே சொல்லிடுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேநீர் சூடு என்று சமாளித்தேன்.

நம் ஊரில் சேலை கட்டிய ஆண் என்றால் சினிமாக் கோமாளியைத் தெரியும், திருவிழா வேஷத்தைத் தெரியும். வேலைக்குப் போய், வரி கட்டி, மனைவியிடம் திட்டு வாங்குகிற ஒருவரை யாரும் நமக்குக் காட்டியதில்லை. என் கணவரும் பார்த்ததில்லை. உலகத்தில் தான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துத்தான் அத்தனை வருடம் ஒளித்திருக்கிறார். அப்படிப்பட்டவரோடு வாழும் ஒரு மனைவியை நானும் அதுவரை பார்த்ததில்லை.

மாலை 6.20, சாங்கி விமான நிலையம். ஊருக்குப் பறக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை பொறுக்க முடியவில்லை. கணவரை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். சேலைய நான் தாங்கிக்குவேன். மறைச்சீங்களே, அதைத்தான் தாங்க முடியல. இனிமே ரூம் கதவைத் தாழ் போடாதீங்க. ஜன்னல் திரைய மட்டும் இழுத்து விட்டுக்கோங்க. எதிர்வீட்டுக்காரங்களுக்கு பதில் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரல."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏர்போர்ட்டுக்கு நான் வரவா?" என்றார்.

"வாங்க" என்றேன்.