அழுமூஞ்சி என்று ஒருத்தி

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வங்கிப் புத்தகத்தோடு சரி. மற்றபடி எல்லாருக்கும் அவள் அழுமூஞ்சி. கடைத்தெருவில் தலையைக் கண்டால் போதும், காய்கறிக்காரர் போனை நீட்டிவிடுவார். "அழுமூஞ்சியக்கா, ஒரு தடவை அழுதுட்டுப் போங்க, வீட்ல போட்டுக் காட்டணும்." சும்மா சொல்லக்கூடாது, அவளும் முகம் சுளிக்காமல் அழுது காட்டிவிட்டுத்தான் வெங்காயம் பொறுக்குவாள்.

அந்த அழுகையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு விக்கல். அப்புறம் வாய் இடது பக்கமாகக் கோணும். மூக்கு விடைக்கும். ரப்பர் போன குக்கர் மாதிரி தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் சீறிக்கொண்டு வந்து, பாதியில் நின்று, மறுபடி விக்கலில் போய் முடியும். தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சியில் வாராவாரம் அவள்தான் மனைவி. புருஷனாக நடிப்பவர் ஏதாவது ஏடாகூடம் செய்துவைப்பார், அவள் அழுவாள், அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இதை எங்கே கற்றீர்கள் என்று பேட்டியில் கேட்டால், "பொறக்கும்போதே இப்படித்தாங்க" என்பாள். அதற்கும் சிரிப்பார்கள்.

அவள் சொன்னது நிஜம். அவளுக்கு வேறு அழுகையே கிடையாது. சின்ன வயதில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தபோதும் இதே விக்கல், இதே கோணல்தான். விருந்தாளிகள் வந்தால் பெற்ற தகப்பனே அவளைக் கிள்ளிவிட்டு, "இப்பப் பாருங்க" என்பார். பாவி மனுஷன். அவருக்கு அது பொழுதுபோக்கு.

அந்த வீட்டில் சிரிக்காத ஒரே ஆள் அக்கா. தங்கை அழ ஆரம்பித்தால், கையில் இருக்கிற வேலையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். சமாதானம் கிமாதானம் எதுவும் கிடையாது. அழுது ஓய்ந்ததும் ஒரு துண்டை நீட்டி, "மூக்கைத் துடை" என்பாள். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்காகவே அக்கா என்றால் அவளுக்கு உயிர்.

நாடகக் குழுவில் சேர்ந்தபோது கதாநாயகியாக வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை. யாருக்குத்தான் இல்லை? ஒத்திகையில் அழுகைக் காட்சி வந்தது. குழுத் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். "பொம்பளை அழுதா பார்க்கச் சகிக்கணும்மா. ஒரு சொட்டு, கன்னத்துல மெதுவா எறங்கணும். நீ அழுறது அடைச்ச சாக்கடையைக் குத்திவிட்ட மாதிரில்ல இருக்கு." அவமானம் தாங்காமல் திரைக்குப் பின்னால் போய் உண்மையாகவே அழுதாள். மொத்தக் குழுவும் ஓடிவந்து விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கே அவளை நகைச்சுவைக்கு மாற்றிவிட்டார்கள். அதில் சோறு கிடைத்தது, பெயரும் கிடைத்தது.

கல்யாணமும் நடந்தது. மற்றப் பெண்களுக்குச் சண்டையில் கண்ணீராவது துணைக்கு வரும். இவளுக்கு அதற்கும் கொடுப்பினை இல்லை. நியாயம் இவள் பக்கம் மலை மாதிரி இருக்கும். வாய் கோணியதும் புருஷன் சிரித்துவிடுவான். "ஐயோ போதும்டி, வயிறு வலிக்குது" என்று சண்டையையே முடித்துவிடுவான். அவன் வேறொருத்தியோடு பழகுவது தெரிந்த அன்றைக்கும் அப்படித்தான் சிரித்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தவள் வந்தவள்தான். அக்கா தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். இவள் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

அக்காவின் கணவரும் மகளும் இவளுடைய நிகழ்ச்சியை ஒரு வாரம்கூட விடாமல் பார்ப்பார்கள். அழுகைக் கட்டம் வரும்போது மட்டும் அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். ஒரு நாள் இவள் பின்னாலேயே போய்க் கேட்டாள்.

"ஏன்க்கா, நல்லால்லையா?"

"நல்லாத்தான் இருக்கும். எனக்கு மட்டும் அது வேற மாதிரி கேக்குதுடி."

அந்த அக்கா போய்விட்டாள். மஞ்சள் காமாலை என்றார்கள், கல்லீரல் என்றார்கள், மளமளவென்று எல்லாம் முடிந்துவிட்டது.

முன் அறையில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள், அக்காவிடம் துணி தைக்கக் கொடுத்த பெண்கள், அக்கம்பக்கத்தார். அழக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை பேர் நடுவில் அழுதால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் பின்னாலிருந்து ஒரு குரல் தாழ்ந்து வந்தது. "ஊரையே சிரிக்க வைக்கிறவ. கூடப் பொறந்தவளுக்கு ஒரு சொட்டு வருதா பாரு."

அது போதுமானதாக இருந்தது. அக்காவின் விரலைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல். விக்கல் வந்தது. வாய் கோணியது. குக்கர் சீறியது.

வாசல் பக்கம் யாரோ களுக்கென்றார்கள். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது, அழுகையால் அல்ல. அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. தாயின் காலைக் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்த அக்காவின் மகள் நிமிர்ந்து பார்த்தாள். சித்தியின் முகத்தைக் கண்டதும், பாவம், அவளுக்கும் சிரிப்பு வெடித்துவிட்டது. மறுநிமிடமே தன் கன்னத்தில் தானே மாறி மாறி அறைந்துகொண்டாள்.

அக்காவின் கணவர் குனிந்து இவள் காதோரம் வந்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. நீ கொஞ்ச நேரம் பின்னாடி ரூம்ல இரு. பொண்ணு தாங்கமாட்டா."

"சரி மாமா" என்றாள். வேறு என்ன சொல்வாள்? மடித்து வைத்த துணிகளுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில், தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் முன் அறை காலியாகிவிட்டது. கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

அதற்கப்புறம் தனியாக அழுது பார்த்தாள். வரவில்லை. விக்கல் வந்த உடனேயே, இந்த இடத்தில் சனம் சிரிக்கும், இந்த இடத்தில் கொஞ்சம் இழுக்க வேண்டும் என்று தொழில் குறுக்கே வந்து நின்றது. அக்காவுக்காக அழ அவளுக்கு ஒரு இடம் இல்லை.

அடுத்த படப்பிடிப்புக்குப் போனாள். இயக்குநர் நல்ல மனுஷர். "அழுகை சீனைத் தூக்கிட்டேன்க்கா. இந்த வாரம் நீங்க சும்மா வந்து நின்னாப் போதும்."

"தூக்காதீங்க. இருக்கட்டும்."

"எதுக்குக்கா கஷ்டம்?"

"இருக்கட்டும் சார். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

எவ்வளவு தொழில் பக்தி என்று அவர் உதவியாளரிடம் மெச்சிக்கொண்டார்.

விளக்கு எரிந்தது. புருஷன் லுங்கியோடு செல்போனையும் சேர்த்துப் போட்டுத் துவைத்து வாஷிங் மெஷினைக் கெடுத்துவிடுகிற காட்சி. அவளுக்கு விக்கல் வந்தது. முன்வரிசை அப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டது. வாய் கோணியது, சத்தம் சீறியது. புருஷனாக நடிப்பவர் இடுப்பில் கைவைத்துத் தன் வசனத்தைச் சொன்னார்.

"எதுக்குடி இப்ப அழுற?"

மெஷின் போயிடுச்சே என்பது அவள் சொல்ல வேண்டியது.

"எங்கக்கா செத்துப்போயிட்டா" என்றாள்.

அவர் முகம் மாறிவிட்டது. அரங்கத்துக்கு எங்கே தெரிந்தது? வாஷிங் மெஷினுக்கும் அக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. ஒருவர் காலால் தரையை உதைத்து உதைத்துச் சிரித்தார். உடன் நடிப்பவர் பதறிக் கையைப் பிடிக்க வந்தார். அவள் விலகிக்கொண்டாள்.

"எங்கக்கா செத்துப்போயிட்டா. என் அக்கா போயிட்டா."

மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொள்ளவில்லை. வெளிச்சத்தின் நடுவில், அத்தனை பேர் முன்னால், அடிவயிற்றிலிருந்து வாய்விட்டு அழுதாள். சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. இங்கே யாரும் அவளை உள்ளே போகச் சொல்லவில்லை.