நிலா எழுமுன் ஆர்ச்சியின் சுவர்

செங்கா என் அக்கா எஃபியின் நாலாவது பிள்ளை. முந்தைய மூன்றும் அப்பன் ஆர்ச்சியைப் போல வாய் திறக்காத ரகம். இவள் எங்கள் பக்கத்து ரத்தம், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். எங்கள் துறைமுக ஊரான கிரீனக்கில் இருபத்தாறு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறாள். ஐம்பத்தைந்து வயதில் ஒரு கேமரா வாங்கினாள். அதிலிருந்து வேலை முடிந்து இருட்டியதும் பாழடைந்த கட்டடங்களைத் தேடிப் போக ஆரம்பித்தாள். "குடிகாரியா இருந்தாக்கூட எந்தக் கடைல இருப்பான்னு தெரியும்" என்று அவள் புருஷன் புலம்புவான்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். ஆற்றுக்கு மேலே காட்டுக்குள் ஒரு கான்கிரீட் மடம் உண்டு, அறுபதுகளில் பாதிரியார் படிப்புக்காகக் கட்டியது. இருபது வருஷத்தில் பூட்டிவிட்டார்கள், கூரையும் விழுந்துவிட்டது. அதன் பெரிய கூடத்தில், மூன்று தளம் உயரத்துக்கு நிற்கும் சுவருக்கு, கான்கிரீட் ஊற்றும் அச்சுப்பலகை அடித்தவன் ஆர்ச்சி. பலகையின் ரேகை இன்னும் கான்கிரீட்டில் இருக்கிறது. பகலில் தெரியாது, இருட்டில் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் புடைத்துக்கொண்டு எழும்பும். முழுச்சுவரையும் ஒரே படத்தில் பிடிக்க மூன்று தடவை போய்த் தோற்றிருந்தாள். திங்கட்கிழமை இடிக்க ஆள் வருகிறார்கள். நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஆனால் அன்றைக்கு ஏழேகாலுக்கு நிலா எழும். எழுந்தால் கூடமே வெளுத்துப்போகும், டார்ச் எடுபடாது.

கேமராவின் கண்ணை நிமிஷக்கணக்கில் திறந்து வைத்துவிட்டு, கறுப்பு உடுப்பில் தளம் தளமாகச் சுவரோரம் நகர்ந்துகொண்டே டார்ச் அடிப்பாள். நகர்கிறவர் படத்தில் விழமாட்டார், நின்றவர் விழுவார். அவள் சீட்டியடித்துவிட்டு டார்ச்சோடு மாடியேறும்போது நான் என் தொப்பியால் லென்ஸை மறைக்க வேண்டும். மறுசீட்டிக்குத் தொப்பியை எடுக்க வேண்டும்.

இரண்டு தளம் முடித்து மூன்றாவதில் இருந்தாள். கீழே வாசலில் இரண்டு வெளிச்சம் ஆடி வந்தது.

"கேமரா தொறந்திருக்கு!" என்று கத்தினேன். இந்தக் கேமராப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கூப்பாடு தெரியும். வந்த இருவரும் சட்டென்று டார்ச்சை அணைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே மூச்சைப் பிடித்து நின்றார்கள். நின்றது சுவருக்கு நேர் எதிரே. அது தெரியாத செங்கா மேலிருந்து கடைசியாக ஒரு வீச்சு, சுவர் முழுக்க டார்ச்சை ஓட்டினாள்.

இறங்கி வந்து படத்தைப் பார்த்தாள். நட்ட கல் மாதிரி இரண்டு உருவம்.

"யாரது, எங்கப்பா சுவர்ல பல்லி மாதிரி?"

கிர்ஸ்டி என்ற பெண்ணும் டார்க்வில் என்ற நெட்டைப் பையனும், எடின்பரோக்காரர்கள். மரியாதை மரியாதை என்று உயிரை வாங்குகிறவர்கள் என்று எங்கள் பக்கத்தில் அந்த ஊர்க்காரர்களுக்குப் பேர். "மரியாதைக்குத்தான் அசையாம நின்னோங்க" என்றான் அவன்.

"எடின்பரோவா? அதான பாத்தேன்! மரியாதைக்கு நிக்க இது என்ன சாவு வீடா?"

மணி ஆறு ஐம்பத்தைந்து. செங்காவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது, இன்னொரு தரம் மாடியேற முடியாது. நொண்டி நொண்டி நடந்தவள் திடீரென்று திரும்பினாள்.

"டார்ச் வச்சிருக்கீங்கல்ல? ஏறுங்க, ஏறுங்க! பாப்பா, நீ நடுத்தளம். தம்பி, நீ உச்சி. கீழ்த்தளம் எனக்கு. வழில நிக்காம உள்ள தள்ளிப் போய்க்கிட்டே இருங்க! நின்னீங்க, எறக்கி விட்டுருவேன்!"

"டிக்கெட் எடுக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே டார்க்வில் படியில் பறந்தான்.

மூன்று தளத்திலும் ஒரே சமயத்தில் டார்ச் ஓடியது. நான் கையில் தொப்பியோடு கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது நிமிஷம் கிழக்கே மரநுனி வெளுத்தது.

"செங்கா, வந்துருச்சு!"

"மூடிராத மாமா! இன்னும் ரெண்டே நிமிஷம்!"

நிலாவின் விளிம்பு சுவர்மேட்டில் தட்டியபோது கேமராவை மூடினேன். ஆனால் எடுத்த நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் அது உள்ளே படத்தைத் துப்புரவாக்கிச் சேமிக்கும். அதற்குள் அணைந்தால் படம் போச்சு. குளிரில் பேட்டரி சிவப்பாக மினுக்கியது. செங்கா கோட்டைத் திறந்து கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். டார்க்வில் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தினான். கிர்ஸ்டி ஊதி ஊதிச் சூடேற்றினாள். பத்து நிமிஷம் ஒருவரும் வாயே திறக்கவில்லை, செங்காகூட.

கேமராவின் திரை ஒளிர்ந்தது. அடியிலிருந்து உச்சிவரை பலகை பலகையாகச் சுவர், ஆணித்தலைகூடத் தெரிந்தது. ஆள் ஒருவர்கூட இல்லை.

விரலை வைத்து ஒவ்வொன்றாக மேலே போனாள். "ஒரு பலகைகூடக் கோணல் இல்ல மாமா. ஒண்ணுகூட இல்ல!"

அப்புறம் அவள் போட்ட கூச்சலை மூன்று தளமும் வாங்கித் திருப்பிப் போட்டன.