பதினோரு பக்கமும் ஒரு சுத்தியலும்

பகடை உருட்டிக் கதை கட்டும் எங்கள் விளையாட்டில் குள்ளர் இனப் பூசாரிகள் உண்டு. அவர்களுடைய மந்திரங்களுக்கு மூன்று மாதம் உழைத்துப் பதினோரு பக்க விதிகள் எழுதினேன்.

இன்று பூந்தமல்லி பஸ்ஸில் எங்கள் குழுவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். அம்பத்தூர் பட்டறையில் நாள் முழுக்க இரும்பு காய்ச்சும் செல்வம் கொட்டாவி விட்டான்.

"இன்னாத்துக்கு மாமே இவ்ளோ? பூசாரி சுத்தியலைப் பழுக்கக் காய்ச்சணும். அது சூடா கீற வரைக்கும்தான் மந்திரம் பலிக்கும். ஆறிப்போச்சுன்னா அவ்ளோதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது.

ஆனால் கதையை நடத்துபவன் நான்தான். அடுத்த ஆட்டம் முழுக்கக் குள்ளர் நாட்டில் அடைமழை.

அங்கேயும் பருவமழை உண்டு நண்பர்களே. பொறாமை என்று யாரும் கமெண்ட் போடாதீர்கள்.